மேற்கு ஆப்பிரிக்க விவசாயிகள் சங்கங்கள் எங்கே சறுக்குகின்றன?

நைஜரில் கம்பும் காராமணியும் செப்டம்பர், அக்டோபரில் அறுவடைக்கு வரும். ஊரே ஒரே நேரத்தில் விற்பதால் விலை படுத்துவிடும். கடனுக்காக அப்போது விற்றவர், அடுத்த ஜூலையில் அதே கம்பை ஏறிய விலைக்கு வாங்கிச் சாப்பிட வேண்டியிருக்கும். சிறு விவசாயிக்குச் சங்கம் தேவைப்படுவது இங்கேதான்.

1990களின் கடைசியில் ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பின் திட்டம் வழியாக அங்கே 'வாரண்டாஜ்' பரவியது. மூட்டைகளைச் சங்கக் கிடங்கில் அடமானமாக வைத்துக் கடன் வாங்கும் முறை இது. கிடங்குக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி சங்கத்திடம், இன்னொன்று கடன் கொடுத்தவரிடம். அந்தக் கடனில் ஆடு கொழுக்க வைக்கலாம், வெங்காயம் போடலாம், விலை ஏறியதும் மூட்டையை மீட்கலாம்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் விலை கட்டாயம் ஏறும் என்று நம்பி, அன்றைய மதிப்பு முழுவதற்கும் கடன் வாங்குவது பெரிய தவறு. ஏறாத ஆண்டுகளும் உண்டு. வட்டியும் கிடங்கு வாடகையும் அப்போதும் நிற்காது. மதிப்பில் ஒரு பகுதிக்கு மட்டும் வாங்கினால் தப்பிக்கலாம். வீட்டுச் சாப்பாட்டுக்கான தானியத்தையும் சேர்த்துப் பூட்டிவிடக் கூடாது. அப்புறம் வண்டு. காராமணியைச் சாதாரணச் சாக்கில் போட்டு வைத்தால் சில மாதங்களில் ஓட்டை விழுந்த பருப்புதான் மிஞ்சும். உள்ளே இரண்டு பாலித்தீன் பையும் வெளியே நெய்த பையுமாக வரும் மூன்றடுக்குப் பையில் காற்றுப் புகாமல் கட்டினால் போதும், மருந்தே வேண்டாம்.

பருத்தியில் சிக்கல் வேறு. மாலியிலும் புர்கினா ஃபாசோவிலும் பருத்தி நிறுவனம் உரத்தைக் குழுவின் பேரில் கடனாகத் தரும். பஞ்சு வாங்கும்போது பிடித்துக்கொள்ளும். ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர் பணத்தில் கை வைப்பார்கள். ஊர் மொத்தத்தையும் ஒரே குழுவாக்கினால், நன்றாக விளைவித்தவர்தான் அடுத்தவர் கடனைச் சுமப்பார். இந்தச் சண்டை முற்றித்தான் 1990களில் புர்கினாவில் ஊர்க் குழுக்கள் போய், பருத்தி விவசாயிகளே ஒருவரையொருவர் தேர்ந்து சேரும் குழுக்கள் வந்தன. யாருடைய கடனுக்குக் கையெழுத்துப் போடலாம் என்பது பக்கத்து வயல்காரருக்குத்தான் தெரியும்.

எடையில் ஏமாற்றப்படுவது பழைய குறை. 1993இல் கானாவில் தொடங்கிய குவாப்பா கொக்கோ சங்கத்தில், கொக்கோவை எடை போடுபவரை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். தராசையும் கணக்கையும் தலைவர் ஒருவரிடமே விட்டுவிடும் சங்கங்கள் இதைக் கவனிக்கலாம்.

நன்கொடைப் பணம் வருகிறது என்பதற்காகவே சங்கம் தொடங்குவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. திட்டம் முடிந்த மாதமே பெயர்ப்பலகை மட்டும் நிற்கும்.

கடைசியாக, குடும்பத் தலைவரை மட்டும் உறுப்பினராக்குவது. மாலி, புர்கினா போன்ற இடங்களில் ஷியா மரத்தின் கொட்டையைப் பொறுக்கி, அதிலிருந்து வெண்ணெய் போன்ற கொழுப்பை எடுப்பது பெண்கள். பல வீடுகளில் அவர்களுக்கென்று தனி வயலும் உண்டு. அந்தச் சரக்குக்கு அவர்கள் பெயரிலேயே கணக்கு இருக்க வேண்டும். கூட்டத்தைச் சமையல் நேரத்தில் வைத்துவிட்டு, பெண்கள் வருவதில்லை என்று குறிப்பு எழுதுவதில் அர்த்தமில்லை.