இணையக் கடையின் தரவில் எஸ்க்யூஎல் பயிற்சி: ஒரு வரிசை எதைக் குறிக்கிறது?

தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கப் பயன்படும் மொழியான எஸ்க்யூஎல் கற்கத் தொடங்குபவர்களுக்குப் பெரும்பாலும் பத்து வரிசைகள் கொண்ட மாதிரி அட்டவணைகளே கிடைக்கின்றன. அவற்றில் கட்டளையின் இலக்கணத்தைக் கற்கலாம். ஆனால் கட்டளை சரியாக ஓடியும் விடை தவறாக வரும் நிலையை அவற்றில் காண முடியாது. அதை உணர்வதற்கு உண்மையான வணிகத்தின் தரவு தேவை. பிரேசிலின் இணைய விற்பனை நிறுவனமான ஓலிஸ்ட், தன் வழியாக 2016 முதல் 2018 வரை நடந்த ஏறத்தாழ ஒரு லட்சம் ஆர்டர்களின் விவரத்தை, வாடிக்கையாளரின் அடையாளங்களை நீக்கிவிட்டு, தரவுத் தொகுப்புகளைப் பகிரும் காகிள் தளத்தில் இலவசமாக வெளியிட்டிருக்கிறது. இந்தப் பயிற்சிக்கு அதையே எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: தரவை ஏற்றுதல்

காகிளில் கணக்கு தொடங்கி அந்தத் தொகுப்பைப் பதிவிறக்கினால் ஒன்பது சிஎஸ்வி கோப்புகள் (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்புகள்) கிடைக்கும். அவற்றுள் வாடிக்கையாளர்கள், ஆர்டர்கள், ஆர்டரில் உள்ள பொருள்கள், கட்டணங்கள் ஆகிய நான்கு மட்டும் இப்போது போதும். டிபி பிரவுசர் ஃபார் எஸ்க்யூலைட் என்ற இலவச மென்பொருளை நிறுவி, புதிய தரவுத்தளம் ஒன்றை உருவாக்கி, ஃபைல் மெனுவின் இம்போர்ட் வழியாக ஒவ்வொரு கோப்பையும் ஏற்றுங்கள். முதல் வரியில் நெடுவரிசைப் பெயர்கள் உள்ளன என்ற பெட்டியைத் தேர்வுசெய்ய மறக்க வேண்டாம்.

அந்த மென்பொருள் பயன்படுத்தும் எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள அமைப்பு தமிழ்ப் பெயர்களை ஏற்கும். ஆகவே அட்டவணைகளுக்கு வாடிக்கையாளர்கள், கொள்முதல், பொருள்வரிகள், கட்டணங்கள் என்று பெயரிட்டு, நாம் பயன்படுத்தப்போகும் நெடுவரிசைகளின் பெயர்களையும் கீழே உள்ள கட்டளைகளில் வருவதுபோலத் தமிழில் மாற்றிக்கொள்ளலாம். செலக்ட், ஃப்ரம் போன்ற எஸ்க்யூஎல் திறவுச்சொற்களை இங்கே ஒலிபெயர்த்துத் தருகிறேன். தட்டச்சு செய்யும்போது அவற்றை மட்டும் ஆங்கில எழுத்துகளில் எழுத வேண்டும்.

படி 2: எண்ணிப் பார்த்தல்

செலக்ட் கவுன்ட்(*) ஃப்ரம் கொள்முதல்;

விடை 99,441 என்று வர வேண்டும். வேறு எண் வந்தால் கோப்பு முழுமையாக ஏறவில்லை என்று பொருள். மேலே செல்லாமல் மீண்டும் ஏற்றுங்கள். அடுத்து, ஆர்டர்கள் எந்த நிலையில் உள்ளன என்று பிரித்துப் பார்ப்போம்.

செலக்ட் நிலை, கவுன்ட்(*) ஃப்ரம் கொள்முதல் குரூப் பை நிலை;

96,478 ஆர்டர்கள் வாடிக்கையாளரிடம் சேர்ந்துவிட்டன. மற்றவை ரத்தானவை, வழியில் இருப்பவை, பொருள் இல்லாமல் நின்றுபோனவை போன்றவை.

படி 3: மாதவாரியாகப் பிரித்தல்

வாங்கிய நேரம் ஆண்டு, மாதம், நாள் என்ற முறையில் எழுதப்பட்டிருப்பதால், அதன் முதல் ஏழு எழுத்துகளை எடுத்தாலே மாதம் கிடைத்துவிடும்.

செலக்ட் சப்ஸ்டர்(வாங்கிய_நேரம், 1, 7) ஆஸ் மாதம், கவுன்ட்(*) ஃப்ரம் கொள்முதல் குரூப் பை மாதம் ஆர்டர் பை மாதம்;

2017 நவம்பரில் 7,544 ஆர்டர்கள் தெரியும். அம்மாதம் 24ஆம் தேதி வந்த பிளாக் ஃபிரைடே தள்ளுபடி நாள் அதற்கு முக்கியக் காரணம். 2018 ஆகஸ்டில் ஆறாயிரத்துக்கு மேல் இருந்த எண்ணிக்கை செப்டம்பரில் 16 ஆகிவிடுவதையும் காண்பீர்கள். அதை வணிகத்தின் வீழ்ச்சி என்று படிக்கக் கூடாது. தொகுப்பு அந்த இடத்தில் முடிகிறது, அவ்வளவுதான். எந்தத் தரவிலும் தொடக்க மாதத்தையும் இறுதி மாதத்தையும் ஐயத்துடன் பார்ப்பது நல்லது.

படி 4: வாடிக்கையாளர் என்றால் யார்?

வாடிக்கையாளர்கள் அட்டவணையிலும் 99,441 வரிசைகளே இருக்கின்றன. ஆர்டர்களின் எண்ணிக்கையும் அதுவே. இந்தப் பொருத்தம் நம்மை நிறுத்தி யோசிக்கவைக்க வேண்டும், ஏனென்றால் ஒருவர்கூட இரண்டாம் முறை வாங்காத கடை இருக்க முடியாது. அட்டவணையை உற்றுப்பார்த்தால் இரண்டு அடையாள எண்கள் தெரியும். ஒன்று ஒவ்வோர் ஆர்டருக்கும் புதிதாக உருவாவது. மற்றொன்று, ஆளுக்கு உரியது. பின்னதற்கு நபர்_எண் என்று பெயரிட்டு, திரும்ப வருவதை ஒருமுறை மட்டும் கணக்கிடும் டிஸ்டிங்ட் சேர்த்து எண்ணுவோம்.

செலக்ட் கவுன்ட்(டிஸ்டிங்ட் நபர்_எண்) ஃப்ரம் வாடிக்கையாளர்கள்;

விடை 96,096. மீண்டும் வந்து வாங்கியவர்கள் எத்தனை பேர் என்பதை இப்போதுதான் கேட்க முடியும்.

செலக்ட் கவுன்ட்(*) ஃப்ரம் (செலக்ட் நபர்_எண் ஃப்ரம் வாடிக்கையாளர்கள் குரூப் பை நபர்_எண் ஹேவிங் கவுன்ட்(*) > 1);

2,997 பேர். முதல் அடையாள எண்ணை நம்பியிருந்தால் இந்த விடை சுழியமாக வந்திருக்கும், கணினியோ எந்தப் பிழையும் காட்டியிருக்காது.

படி 5: இணைப்பில் பெருகும் பணம்

இனி வருவதே இந்தப் பயிற்சியில் நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் பகுதி. பொருள்வரிகள் அட்டவணையில் ஒரு வரிசை என்பது ஓர் ஆர்டரில் உள்ள ஒரு பொருள். கட்டணங்கள் அட்டவணையில் ஒரு வரிசை என்பது ஒரு முறை செலுத்திய தொகை. ஒருவர் பாதியைப் பரிசுச் சீட்டிலும் மீதியைக் கடன் அட்டையிலும் செலுத்தியிருந்தால் அங்கே இரண்டு வரிசைகள் இருக்கும். மொத்தக் கட்டணத்தைத் தனியாகக் கூட்டினால் 1,60,08,872 ரெயால் (பிரேசிலின் நாணயம்) வரும். இப்போது ஒரே ஆர்டர் எண் கொண்ட வரிசைகளைச் சேர்க்கும் ஜாயின் கொண்டு இரண்டு அட்டவணைகளையும் இணைத்துக் கூட்டிப் பாருங்கள்.

செலக்ட் சம்(தொகை) ஃப்ரம் கட்டணங்கள் ஜாயின் பொருள்வரிகள் யூஸிங் (ஆர்டர்_எண்);

தொகை 2 கோடி ரெயாலைத் தாண்டிவிடும். மூன்று பொருள்களும் இரண்டு கட்டணங்களும் கொண்ட ஓர் ஆர்டர், இணைப்பில் ஆறு வரிசைகளாக விரிகிறது. அதனால் ஒவ்வொரு கட்டணமும் மும்முறை கூட்டப்படுகிறது. அலுவலக அறிக்கைகளில் மிகுதியாக நுழையும் பிழை இதுவே என்பது என் எண்ணம். டிஸ்டிங்ட் போட்டு இதைச் சரிசெய்ய முயல்வோர் உண்டு. அது தீர்வாகாது, ஏனெனில் ஒரே தொகை கொண்ட இரு வேறு கட்டணங்களை அது ஒன்றாக்கிவிடும். ஒவ்வோர் அட்டவணையையும் ஆர்டருக்கு ஒரு வரிசை என்ற அளவுக்கு முதலில் சுருக்கி, அதன் பிறகே இணைக்க வேண்டும். அப்படிச் சுருக்கிய விடைகளுக்கு வித் என்ற சொல் பொ, க என்று தற்காலிகப் பெயர்கள் தருகிறது.

வித் பொ ஆஸ் (செலக்ட் ஆர்டர்_எண், சம்(விலை + அனுப்பு_செலவு) ஆஸ் பொருள்_தொகை ஃப்ரம் பொருள்வரிகள் குரூப் பை ஆர்டர்_எண்),
க ஆஸ் (செலக்ட் ஆர்டர்_எண், சம்(தொகை) ஆஸ் செலுத்தியது ஃப்ரம் கட்டணங்கள் குரூப் பை ஆர்டர்_எண்)
செலக்ட் சம்(பொருள்_தொகை), சம்(செலுத்தியது)
ஃப்ரம் கொள்முதல்
லெஃப்ட் ஜாயின் பொ யூஸிங் (ஆர்டர்_எண்)
லெஃப்ட் ஜாயின் க யூஸிங் (ஆர்டர்_எண்);

கட்டணத்தின் கூட்டுத்தொகை மீண்டும் 1,60,08,872க்குத் திரும்பும். பொருள்களின் தொகை 1,58,43,553 என்று வரும். இரண்டுக்கும் இடையே வேறுபாடு இருப்பதற்கு ஒரு காரணத்தை அடுத்த வினவல் (தரவிடம் கேட்கும் கட்டளை) காட்டும். இதில் இஸ் நல் என்பது மதிப்பு இல்லாத இடத்தைக் குறிக்கும்.

செலக்ட் நிலை, கவுன்ட்(*) ஃப்ரம் கொள்முதல் லெஃப்ட் ஜாயின் பொருள்வரிகள் யூஸிங் (ஆர்டர்_எண்) வேர் விலை இஸ் நல் குரூப் பை நிலை;

பொருள் எதுவும் பதிவாகாத ஆர்டர்கள் மொத்தம் 775 உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை பொருள் கிடைக்காமல் நின்றுபோனவை, அடுத்த நிலையில் ரத்தானவை. லெஃப்ட் ஜாயின், இணை கிடைக்காவிட்டாலும் முதல் அட்டவணையின் எல்லா வரிசைகளையும் வைத்துக்கொள்ளும். வெறும் ஜாயின் போட்டிருந்தால் இந்த ஆர்டர்கள் நம் கண்ணிலேயே பட்டிருக்காது. அவற்றுக்கு எவ்வளவு கட்டணம் பதிவாகியிருக்கிறது என்பதைக் கண்டறியும் வினவலை, மேலே உள்ள க என்ற பகுதியைப் பயன்படுத்தி நீங்களே எழுதிப் பாருங்கள்.