ஆடும் டாய்லெட்டைக் கழற்றும் முன்

டாய்லெட் ஆடுகிறதென்றால் ஸ்க்ரூவை முறுக்கினால் போதும் என்றுதான் நினைப்போம். கோலாலம்பூரின் பழைய அடுக்குமாடி வீடுகளில் வேலை அதோடு நிற்பது அரிது.

முதல் வம்பு டாய்லெட்டுக்குத் தண்ணீர் விடும், சுவரோரம் இருக்கும் சின்ன வால்வு. பல வருடம் தொடாமல் இறுகிப்போயிருக்கும். பலம் காட்டித் திருகினால் கழுத்தோடு முறிந்து தண்ணீர் பீச்சியடிக்கும். அசையவில்லையா, விட்டுவிடுங்கள். மீட்டர் பக்கத்து மெயின் வால்வை மூடி, குழாயைத் திறந்து தண்ணீர் நின்றுவிட்டதா என்று பார்த்த பிறகே தொடங்குங்கள். வால்விலிருந்து டாய்லெட் தொட்டிக்குப் போகும் பழைய ஹோஸையும் இதோடு மாற்றிவிடலாம். ஹார்ட்வேர் கடை திறந்திருக்கும் நேரமாகப் பார்த்து வேலையில் இறங்குங்கள், ஞாயிறு இரவு வேண்டாம்.

ஸ்க்ரூவைக் கழற்றி டாய்லெட்டைத் தூக்கியதும் கழிவுக்குழாய் வாயில் பழந்துணியைத் திணியுங்கள். நாற்றத்துக்காக மட்டுமல்ல, சாக்கடை வாயு உடலுக்குக் கெடுதல். அடியில் ஈரம் இருந்தால் குழாயையும் டாய்லெட்டையும் இணைக்கும் ரப்பர் வளையம் போயிருக்கலாம். அதையும் புதிதாகப் போடுங்கள்.

புது ஸ்க்ரூவுக்காகத் தரையில் ஆழமாகத் துளை போடாதீர்கள். டைல்ஸுக்கு அடியில் தண்ணீர் இறங்காமல் காக்கும் பூச்சு கிழிந்தால் கீழ்வீட்டுக் கூரை ஒழுகும். அப்புறம் அடுக்குமாடிகளுக்கான 2013 ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டப்படி நிர்வாக அலுவலகம் ஆய்வுக்கு வந்துவிடும்.

ஸ்க்ரூவை இரண்டு பக்கமும் மாறி மாறி, மெதுவாக முறுக்குங்கள். அதிகம் இறுக்கினால் பீங்கான் விரிசல் விடும். கடைசியில் டாய்லெட்டின் அடியைச் சுற்றி சிலிக்கோன் பூசும்போது பின்பக்கம் ஒரு விரல் அகலம் விட்டுவிடுங்கள். மறுபடி கசிந்தால் அந்த வழியாக உடனே தெரியும்.