துப்பாக்கி உரிமத்துக்குக் காவல் நிலைய அறிக்கை: விண்ணப்பம் முதல் வாங்குவது வரை

துப்பாக்கி உரிமம் வேண்டுவோர் பலரும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். அந்தக் கோப்பு நகர்வதும் நிற்பதும் பெரும்பாலும் அவர்கள் ஊர்க் காவல் நிலையத்திலிருந்து போகும் அறிக்கையைப் பொறுத்தே இருக்கிறது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், அலுவலகத் தமிழில் படைக்கலச் சட்டம், இதில் தெளிவாகவே இருக்கிறது. அதன் 13ஆம் பிரிவின்படி, விண்ணப்பம் கைக்கு வந்ததும் உரிமம் வழங்கும் அதிகாரி, விண்ணப்பதாரருக்கு மிக அருகில் உள்ள காவல் நிலையத்தின் பொறுப்பு அதிகாரியிடம் அறிக்கை கேட்டாக வேண்டும். ஆகவே காவல் துறை உரிமம் தருவதில்லை. உரிமம் தருபவர் எதை வைத்து முடிவெடுப்பாரோ அதை எழுதித் தருகிறது. தமிழ்நாட்டில் மாவட்டங்களில் ஆட்சியரும், சென்னை போன்ற மாநகரங்களில் காவல் ஆணையரும் உரிமம் வழங்கும் அதிகாரிகள். மாநகரவாசிகளுக்கு மட்டும் விசாரிப்பதும் முடிவெடுப்பதும் ஒரே துறை என்றாகிவிடுகிறது.

விண்ணப்பிக்கும் முன்பே தீர்மானிக்க வேண்டியது, எந்தத் துப்பாக்கி, எதற்காக என்பது. பலர் கைத்துப்பாக்கி என்று எழுதிவிட்டுப் பிறகுதான் காரணம் தேடுகிறார்கள். சட்டம் எல்லாத் துப்பாக்கிகளையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. குறைந்தது 20 அங்குலக் குழல் உள்ள, உட்பக்கம் வழவழப்பான குழல் துப்பாக்கியைப் பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்டாலும், உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக குழலின் வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைக் கேட்டாலும், 14ஆம் பிரிவு சொல்லும் தடைகள் இல்லாதவரை உரிமம் வழங்க வேண்டும் என்பதே 13ஆம் பிரிவின் வாசகம். கடைக்காரர்கள் எஸ்பிபிஎல், டிபிபிஎல் என்று சொல்லும் ஒற்றைக் குழல், இரட்டைக் குழல் 12 போர் (குழல் அளவைக் குறிக்கும் சொல்) துப்பாக்கிகள் முதல் வகையில் வருகின்றன. ரிவால்வர், பிஸ்டல் போன்றவற்றுக்கோ தக்க காரணம் இருப்பதாக அதிகாரி மனநிறைவு கொள்ள வேண்டும். எனவே தோப்பைக் காக்க வேண்டியவர் .32 ரிவால்வர் கேட்டால், காரணமும் கருவியும் பொருந்தவில்லை என்பது விசாரிக்க வரும் உதவி ஆய்வாளருக்கே பட்டுவிடும். 9 மி.மீ., .303 போன்ற தடை செய்யப்பட்ட வகைகளை ஆட்சியரிடம் கேட்பதில் பொருளே இல்லை. அவை மத்திய உள்துறை அமைச்சகத்தின் கையில் இருக்கின்றன.

தகுதியைப் பொறுத்தவரை, சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி வயது 21 நிறைந்திருக்க வேண்டும். வன்முறையோ ஒழுக்கக்கேடோ சார்ந்த குற்றத்துக்காகச் சிறைத் தண்டனை பெற்றவர், தண்டனை முடிந்து 5 ஆண்டு ஆகும்வரை துப்பாக்கி வைத்திருக்க முடியாது. நன்னடத்தைப் பிணையில் இருப்பவரும், அந்தப் பிணைக் காலம் முடியும்வரை வைத்திருக்க முடியாது.

இந்தப் பிணை விஷயத்தில் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. கிராமங்களில் வரப்புத் தகராறு, கோயில் திருவிழாத் தகராறு என்று இரு தரப்பையும் அழைத்துப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஆம் பிரிவில் பிணைப் பத்திரம் எழுதி வாங்குவது சாதாரணமாக நடந்துவந்த காரியம். 2024 ஜூலை 1 முதல் அதே நடவடிக்கை, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டத்தின் 126ஆம் பிரிவில் நடக்கிறது. பத்திரம் எழுதிக் கொடுத்தவர் அதை மறந்துவிடுவார். நிலையத்துப் பதிவேடு மறக்காது. எனக்குத் தெரிந்த தென்னந்தோப்புக்காரர் ஒருவர், பல ஆண்டுகளுக்கு முன் முடிந்துபோன அப்படியொரு பிணையை விண்ணப்பத்தில் குறிப்பிடாமல், அதற்குரிய கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதிவிட்டார். பிணைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதால் அது அவருக்குத் தடையே அன்று. ஆனால் அறிக்கையில் ‘உண்மையை மறைத்துள்ளார்’ என்ற ஒரு வரி ஏறிவிட்டது. மறுப்பாணைக்கு அந்த வரியே போதுமானதாக இருந்தது. விண்ணப்பப் படிவமான ஏ-1, தண்டனை, பிணை, முன்பு மறுக்கப்பட்ட விண்ணப்பம் ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேட்கிறது. இருப்பதை இருப்பதாக எழுதி, வழக்கு எண்ணையும் அது முடிந்த விதத்தையும் சேர்த்து, தீர்ப்பின் நகல் இருந்தால் இணைத்துவிட வேண்டும். வழக்கு நிலுவையில் இருப்பது மட்டுமே 9ஆம் பிரிவின்படி தடை ஆகாது. ஆயினும் பொது அமைதியைக் காரணம் காட்டி 14ஆம் பிரிவில் மறுப்பதற்கு அது வழிவிடும் என்பதை அறிந்தே விண்ணப்பிக்க வேண்டும்.

விண்ணப்பத்தை மத்திய அரசின் ஆயுத உரிமத் தரவுத்தள இணையவாசலில் பதிவு செய்து, அச்சுப் பிரதியை உரிய அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். புகைப்படம், பிறந்த தேதிச் சான்று, அடையாளச் சான்று, முகவரிச் சான்று, உடல் நலமும் மன நலமும் குறித்த மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பாதுகாப்பாக வைத்திருப்பதாக உறுதிமொழி, கையாளும் பயிற்சி பெற்ற சான்று ஆகியவை 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளை ஒட்டிக் கேட்கப்படுகின்றன. வருமான வரிக் கணக்கும் சொத்து விவரமும் சில இடங்களில் கேட்கிறார்கள்; கொடுப்பதில் தவறில்லை. ஆனால் போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உரிமத்தை மறுக்கக் கூடாது என்று 14ஆம் பிரிவே சொல்கிறது. துப்பாக்கி பணக்காரர் வீட்டுப் பொருள் என்ற எண்ணம் சட்டத்தில் இல்லை.

காரணம் எழுதும் பத்திதான் விண்ணப்பத்தின் உயிர். ‘என் உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்து உள்ளது’ என்று மட்டும் எழுதினால், விசாரிக்க வருபவர் சரிபார்க்க அதில் ஒன்றும் இருக்காது. சரிபார்க்க முடியாததை அவர் பரிந்துரைக்கவும் மாட்டார். மாறாக இப்படி எழுதிப் பாருங்கள்: ‘மேற்படி சர்வே எண்ணில் உள்ள எனது 6 ஏக்கர் தோப்பு, வன எல்லையிலிருந்து சுமார் அரைக் கிலோமீட்டர் தொலைவில் உள்ளது, நானும் மனைவியும் தோப்பு வீட்டிலேயே குடியிருக்கிறோம், அடுத்த வீடு ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது, கடந்த 3 ஆண்டுகளில் இருமுறை மோட்டாரும் ஒயரும் திருடப்பட்டு, இந்நிலையத்தில் சி.எஸ்.ஆர். (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது) பெற்றுள்ளேன்.’ இதில் ஒவ்வொரு சொல்லும் சரிபார்க்கத் தக்கது. திருட்டோ மிரட்டலோ நடந்தபோது புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் விட்டவர்கள், உரிமம் கேட்கும்போதுதான் அந்தச் சிறு தாளின் அருமையை உணர்கிறார்கள். கையில் ரொக்கத்துடன் பயணம் செய்யும் வணிகர் வங்கிக் கணக்கு விவரத்தையும், எந்தெந்த நாளில் எந்தச் சந்தைக்குப் போகிறார் என்பதையும் தரலாம்.

பயிர்ப் பாதுகாப்பு என்று எழுதுவோர் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். ஆயுத உரிமம், விலங்கைச் சுடுவதற்கான அனுமதி அன்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தனி. காட்டுப்பன்றியாக இருந்தாலும் வனத்துறை வழியாகத்தான் எதுவும் நடக்க வேண்டும். வெடிச் சத்தத்தால் விரட்டுவதே நோக்கம் என்றால் அதை அப்படியே எழுதுவது நல்லது.

விண்ணப்பம் ஆட்சியர் அலுவலகத்திலிருந்து ஒரு பக்கம் வருவாய்த் துறைக்கும், மறுபக்கம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் போகும். அங்கிருந்து துணைக் கண்காணிப்பாளர், ஆய்வாளர் என்று படியிறங்கி நிலையத்துக்கு வரும். அறிக்கை அதே படிகளில் ஏறிப் போக வேண்டும். விதிகளின்படி எஸ்-4 படிவத்தில் 30 நாளுக்குள் அறிக்கை அனுப்பப்பட வேண்டும். அறிக்கை வந்தபின் 60 நாளுக்குள் உரிமம் வழங்கும் அதிகாரி முடிவெடுக்க வேண்டும். நடைமுறையில் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று தெரியாமல்தான் மாதங்கள் ஓடுகின்றன. கண்காணிப்பாளர் அலுவலகத்திலிருந்து நிலையத்துக்கு அனுப்பிய கடிதத்தின் எண்ணையும் தேதியையும் கேட்டுக் குறித்துக்கொண்டால், நிலையத்தில் எழுத்துப் பணி பார்க்கும் காவலரான ரைட்டரிடம் அந்த எண்ணைச் சொல்லி விசாரிக்கலாம். ‘என் லைசென்ஸ் விஷயம் என்னாச்சுங்க ஐயா?’ என்று கேட்பவருக்கும், எண்ணும் தேதியும் சொல்லிக் கேட்பவருக்கும் கிடைக்கும் பதில் ஒன்றாக இருப்பதில்லை.

விசாரணை நாளில் உதவி ஆய்வாளரோ, தலைமைக் காவலரோ வீட்டுக்கு வரலாம். நிலையத்துக்கு வரச் சொல்லி வாக்குமூலம் வாங்குவதும் உண்டு. இது தவிர, உளவுத் தகவல் சேகரிக்கும் தனிப்பிரிவுக் காவலர் தெருவில் உங்களுக்குத் தெரியாமலே விசாரிப்பார். குடிப்பழக்கம், குடும்பச் சண்டை, அக்கம்பக்கத்துப் பகை, வீட்டில் மனநலச் சிகிச்சையில் இருப்பவர், சாதி மோதலில் தொடர்பு ஆகியவையே அவர் கேட்டறிபவை. வீட்டுக்கு வருபவர் தவறாமல் கேட்கும் கேள்வி, துப்பாக்கியை எங்கே வைப்பீர்கள் என்பது. ‘பீரோவில்’ என்ற பதில் போதாது. சுவரோடு போல்ட் போட்டு இறுக்கிய இரும்புப் பெட்டியைக் காட்டி, சாவி யாரிடம் இருக்கும், தோட்டா எந்தத் தனிப் பூட்டில் இருக்கும், பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடென்றால் அவர்கள் கைக்கு எட்டாமல் எப்படி இருக்கும் என்று சொல்ல முடிந்தால், அது அறிக்கையில் ஒரு நல்ல வரியாக ஏறும். பெட்டியை விசாரணைக்கு முன்பே வாங்கி வைப்பது வீண் செலவன்று. இந்தக் கட்டத்தில் அரசியல்வாதியின் பரிந்துரைக் கடிதத்தைத் தேடி ஓடுவோரைப் பார்க்கிறேன். எஸ்-4 படிவத்தில் அதற்கு இடமில்லை. தேர்தல் பகை உள்ள ஊரில் அது எதிராகவே திரும்பவும் கூடும். கையூட்டுக் கேட்டால் கொடுக்காமல் லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போவதுதான் சரி.

30 நாளில் அறிக்கை வராவிட்டால், அதிகாரி தகுந்ததெனக் கருதினால் அதற்குக் காத்திராமலே ஆணை பிறப்பிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. துப்பாக்கி விஷயத்தில் அந்தத் துணிவை எந்த அதிகாரியும் எளிதில் மேற்கொள்வதில்லை. ஆயினும் அந்த விதியைச் சுட்டி ஆட்சியருக்கு ஒரு நினைவூட்டுக் கடிதம் எழுதுவதும், கோப்பின் நிலையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்பதும் நிலையத்துக்கு மறுகடிதம் போக வழி செய்யும்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். கேட்டால் அதன் சுருக்கத்தைத் தர வேண்டும். பொதுநலன் கருதி மட்டுமே அதைத் தராமல் இருக்கலாம். ‘காவல் துறை பரிந்துரைக்கவில்லை’ என்ற ஒற்றை வரி வந்தால், பரிந்துரைக்காததற்குக் காரணம் என்ன என்று எழுதிக் கேளுங்கள். 18ஆம் பிரிவின் கீழ் மேல்முறையீடு உண்டு. அதற்கான காலக்கெடு குறுகியது என்பதால் ஆணை கைக்கு வந்த தேதியை உறையோடு பாதுகாத்து வைக்க வேண்டும். அதற்கும் பின்னர்தான் உயர் நீதிமன்றம். துப்பாக்கி வைத்திருப்பது அடிப்படை உரிமை அன்று என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருப்பதால், உரிமம் கொடுக்கச் சொல்லி உத்தரவு கிடைக்கும் என்று நம்பிப் போவதைவிட, காரணம் கூறாத ஆணையை எதிர்த்துப் போவதே பலன் தரும்.

அப்பாவோ தாத்தாவோ வைத்திருந்த துப்பாக்கி வீட்டில் இருக்கும் குடும்பங்களுக்கு வழி சற்று வேறு. உரிமதாரர் இறந்துவிட்டால், அந்தத் துப்பாக்கி அலமாரியில் இருக்கும் ஒவ்வொரு நாளும் உரிமமற்ற ஆயுதமே. காரியம் முடியட்டும் என்று தள்ளிப் போடாமல், நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது பெற வேண்டும். பிறகு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபமின்மைக் கடிதம் ஆகியவற்றுடன் வாரிசு ஒருவர் விண்ணப்பிக்கலாம். அவருக்கும் காவல் விசாரணை உண்டு. உரிமதாரருக்கு 70 வயது நிறைந்தாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றவும் 2016 விதிகள் இடமளிக்கின்றன. உடன்பிறந்தோரின் கையெழுத்தை அப்பா இருக்கும்போதே வாங்குவது எவ்வளவு எளிது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

உரிமம் கிடைத்தபின், அதில் தனி அடையாள எண் உள்ளதா, துப்பாக்கி வகை, செல்லுபடியாகும் எல்லை, தோட்டா எண்ணிக்கை ஆகியவை சரியாக உள்ளனவா என்று முதலில் பார்க்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பின் உரிமம் 5 ஆண்டுக்குச் செல்லும். ஒருவர் வைத்திருக்கக் கூடிய துப்பாக்கிகளும் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டன. கடையில் வாங்கினால் கடைக்காரர் அசல் உரிமத்தைப் பார்த்து விவரம் ஏற்றுவார். இன்னொரு உரிமதாரரிடம் பழைய துப்பாக்கி வாங்கினால்தான் பலர் தவறுகிறார்கள்: விற்பவர், யாருக்கு விற்கப் போகிறார் என்பதைப் பெயர், முகவரியுடன் மாவட்ட நடுவரான ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து, 45 நாள் கழிந்த பிறகே கைமாற்ற வேண்டும். முன்பணம் கொடுத்த அன்றே துப்பாக்கியை எடுத்து வந்தால், உரிமம் இருந்தும் இருவருமே சட்டத்தை மீறியவர்கள் ஆவார்கள். வாங்கியதும் துப்பாக்கியை உரிய அலுவலகத்தில் காட்டி, அதன் எண்ணை உரிமத்தில் பதிவு செய்துகொண்டு, நிலையத்துக்கும் தெரிவித்துவிட வேண்டும். திருமணத்திலோ திருவிழாவிலோ பிறர் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து வரும்படி மகிழ்ச்சிக்காக வானத்தை நோக்கிச் சுடுவதும் இப்போது 2 ஆண்டுவரை சிறைக்கோ, 1 லட்ச ரூபாய்வரை அபராதத்துக்கோ, இரண்டுக்குமோ உரிய குற்றம்.

நிலையத்துடனான தொடர்பு அத்தோடு முடிவதில்லை. புதுப்பிக்க இரண்டு மாதத்துக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். தேர்தல் அறிவிப்பு வந்ததும் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி நிலையத்திலிருந்து அழைப்பு வரும். அப்படி ஒப்படைக்கும்போது தரும் ரசீதில் துப்பாக்கியின் எண்ணும் தோட்டாக்களின் எண்ணிக்கையும் பிழையின்றி எழுதப்பட்டிருக்கின்றனவா என்று அங்கேயே நின்று ஒப்பிட்டுப் பார்த்து, அந்த ரசீதின் நகலை உரிமப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். முடிவுகள் வந்து துப்பாக்கியைத் திரும்பக் கேட்கும்போது ரைட்டர் முதலில் கேட்பது அதைத்தான்.