யாழ்ப்பாணத்து இரசிகர் விளையாட்டு நூல்களைச் சேர்க்கும் முறை

விளையாட்டு நூல்களைச் சேர்க்க விரும்பும் யாழ்ப்பாணத்து இரசிகர் முதலில் தேட வேண்டியவை கடைகளில் விற்பனைக்கு இருக்கும் நூல்கள் அல்ல. இலண்டனிலோ சென்னையிலோ ஆயிரக்கணக்கில் அச்சிடப்பட்ட ஒரு வீரரின் வாழ்க்கை வரலாற்றை அடுத்த ஆண்டும் வாங்கலாம். சில ஆண்டுகள் பொறுத்திருந்தால் பழைய புத்தகக் கடையில் மலிவாகவும் வாங்கலாம். ஆனால் ஒரு பாடசாலைப் போட்டிக்காகக் குறைந்த எண்ணிக்கையில் அச்சிடப்பட்டு, மைதானத்தில் கைமாறி, சில மாதங்களில் பழைய கடதாசியோடு நிறுத்து விற்கப்பட்டுவிடும் சிறப்பு மலரை அந்த வாரத்திலேயே எடுத்து வைக்காவிட்டால், பின்னர் எவ்வளவு பணம் கொடுத்தும் பெறுவது கடினம். எனவே அரிதாகக் கூடியதை முதலிலும் எளிதாகக் கிடைப்பதைப் பிறகும் சேர்ப்பதே இங்குள்ளவருக்கு ஏற்ற ஒழுங்கு.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு நம் ஊரின் வரலாறே காரணம். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஆவணங்களும் அழிந்தன. 1995இல் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது வீடுகளில் இருந்த மலர்களும் படங்களும் கைவிடப்பட்டன. திரும்பி வந்தவர்களுள் பலருக்கு அவற்றுள் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. ஆகையால் வடக்கின் விளையாட்டு வரலாற்றில் ஒரு பகுதி இன்று எந்த நூலகத்திலும் இல்லாமல், தனிப்பட்ட குடும்பங்களின் பெட்டிகளில் மட்டுமே இருக்கிறது.

தொடங்குவதற்கு மிக எளிய இடம் துடுப்பாட்டப் பெரும் போட்டிகள். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸ் கல்லூரியும் மோதும் “வடக்கின் பெரும் போர்” என்னும் போட்டி 1904இல் தொடங்கியது. இத்தகைய போட்டிகளை ஒட்டி வெளிவரும் மலர்களில் அணிப்படங்கள், முந்தைய முடிவுகள், பழைய தலைவர்களின் நினைவுக் கட்டுரைகள் ஆகியன இடம்பெறுவது வழக்கம். அவற்றைப் போட்டி நாளிலேயே, முடிந்தால் இரண்டு பிரதிகளாக, வாங்கிவிடுங்கள். ஒன்று வைத்துக்கொள்வதற்கு, மற்றொன்று பின்னர் மாற்றிக்கொள்வதற்கு. ஏனைய கல்லூரிகளின் பெரும் போட்டி மலர்கள், கல்லூரி ஆண்டு மலர்கள், நூற்றாண்டு மலர்கள் ஆகியவற்றையும் இவ்வரிசையில் சேர்க்க வேண்டும். ஆண்டு மலரின் பின்பகுதியில் வரும் இல்ல மெய்வல்லுநர் போட்டி அறிக்கையைப் பெரும்பாலானோர் புரட்டிக் கடந்துவிடுகின்றனர். பின்னாளில் தேசிய அணிக்குப் போன ஒருவரின் பெயர் முதன்முதலாக அச்சேறிய இடம் பல வேளைகளில் அதுவாகத்தான் இருக்கும்.

பாடசாலைகளோடு நின்றுவிடக் கூடாது. குருநகர், பாசையூர், நாவாந்துறை போன்ற கரையோர ஊர்களின் உதைபந்தாட்டக் கழகங்கள், கரப்பந்தாட்டம் ஆடும் ஊர்க் கழகங்கள், சனசமூக நிலையங்கள் ஆகியன தத்தம் ஆண்டு நிறைவுகளுக்கு வெளியிடும் மலர்களும் தேடத்தக்கவை. இவற்றோடு நான் தனியே குறிப்பிட விரும்புவது, ஒருவர் மறைந்த முப்பத்தோராம் நாள் கிரியையின்போது உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வழங்கப்படும் நினைவு மலராகும். மறைந்தவர் ஒரு விளையாட்டு ஆசிரியராகவோ நடுவராகவோ கழகத் தலைவராகவோ இருந்திருந்தால், அந்தச் சிறு வெளியீட்டில் வேறெங்கும் அச்சாகாத அணிப்படமும் அவரோடு ஆடியவர்களின் கட்டுரைகளும் இருக்கக்கூடும். தேவாரத்தோடு தொடங்குவதால் அதை விளையாட்டு நூலாக எவரும் எண்ணுவதில்லை. சேகரிப்பாளர் எண்ண வேண்டும்.

பழைய மலர்களைப் பெறுவது பணத்தால் ஆகும் காரியம் அன்று. ஒரு முதியவரிடம் போய் மலரைத் தாருங்கள் என்று கேட்டால் அவர் தயங்குவார், தயங்குவதும் நியாயமே. “ஐயா, மலர் உங்களிடமே இருக்கட்டும், நான் இங்கேயே இருந்து படம் எடுத்துக்கொண்டு போகிறேன்” என்று கேட்பதே முறை. அவ்வாறு கேட்டவருக்குச் சில ஆண்டுகள் கழித்து அந்த மலரே தேடி வருவதும் உண்டு. கூடவே அணிப்படத்தில் நிற்பவர்களின் பெயர்களை அவரிடமே கேட்டு, இடமிருந்து வலமாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பெயர்களைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் நெடுங்காலம் இருக்கமாட்டார்கள். பெருந்துடுப்பாட்டக் காலத்திலும் நல்லூர்த் திருவிழாக் காலத்திலும் வெளிநாடுகளிலிருந்து வரும் பழைய மாணவர்களிடமும் விசாரியுங்கள். இங்கே அழிந்துபோன ஒரு மலர் ரொறன்ரோவில் ஒருவர் வீட்டில் பத்திரமாக இருக்கலாம்.

கடையில் வாங்கும் நூல்களுக்கு வரும்போது, எல்லா விளையாட்டையும் எல்லா நாட்டையும் தொடுவதை விட்டு, ஒரு கோட்டினைத் தெரிவுசெய்து அதைத் தொடர்வது நல்லது. இலங்கையின் தமிழ் விளையாட்டாளர்கள் என்பது அத்தகைய ஒரு கோடு. 1947இல் சென்னையில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டங்கள் பெற்ற மகாதேவன் சதாசிவம், 1958ஆம் ஆண்டு டோக்கியோவில் உயரம் பாய்தலில் வென்று ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்கு முதல் தங்கத்தைப் பெற்றுக்கொடுத்த யாழ் மத்திய கல்லூரிப் பழைய மாணவர் எதிர்வீரசிங்கம், 800 டெஸ்ட் இலக்குகளோடு ஓய்வு பெற்ற முரளிதரன், வலைப்பந்தாட்டத்தில் தர்ஜினி சிவலிங்கம், கோலூன்றிப் பாய்தலில் அனித்தா ஜெகதீஸ்வரன் என்று அது இன்றுவரை நீள்கிறது. இவ்வாறு ஒரு கோடு இருந்தால் எதை வாங்குவது என்பதோடு எதை விடுவது என்பதும் தெளிவாகிவிடும்.

துடுப்பாட்ட இரசிகர் பலருக்கு, இங்கிலாந்தில் வெளியாகும் துடுப்பாட்டப் பதிவு நூலான விஸ்டன் ஆண்டேட்டின் மீது ஆசை இருக்கும். 1864இலிருந்து ஆண்டுதோறும் வெளிவரும் இந்நூலை முழு வரிசையாகச் சேர்ப்பது பெரும் செல்வந்தருக்கே இயலும். உலகப் போர்க்காலப் பதிப்புகள் குறைவாக அச்சிடப்பட்டதால் அவற்றின் விலை மிக அதிகம். நமக்குத் தேவையானவை சில ஆண்டுகள் மட்டுமே. அவற்றை வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அட்டையில் உள்ள ஆண்டுக்கு முந்தைய ஆண்டின் ஆட்டங்களையே அப்பதிப்பு பெரும்பாலும் பதிவுசெய்கிறது. 1982 பெப்ரவரியில் கொழும்பு சரவணமுத்து மைதானத்தில் இலங்கை ஆடிய முதல் டெஸ்டைப் படிக்க 1983ஆம் ஆண்டுப் பதிப்பையும், 1996 உலகக் கிண்ண வெற்றியைப் படிக்க 1997ஆம் ஆண்டுப் பதிப்பையும் தேட வேண்டும். 1998இல் ஓவல் மைதானத்தில் 16 இலக்குகளை வீழ்த்திய முரளிதரன் ஆண்டின் ஐந்து வீரர்களுள் ஒருவராகத் தெரிவானது 1999ஆம் ஆண்டுப் பதிப்பில்.

பதிப்பைச் சரிபார்க்க, தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் பாருங்கள். அங்கே வரிசையாக இலக்கங்கள் அச்சிடப்பட்டிருந்தால், அவற்றுள் மிகச் சிறியதே அது எத்தனையாவது அச்சு என்பதைக் காட்டும். வெளி உறை கிழிந்திருந்தாலும் எறியாதீர்கள். உறையுள்ள பிரதிக்கே மதிப்பு அதிகம். கொழும்பில் டி. ஆர். விஜேவர்தன மாவத்தையின் பழைய புத்தகக் கடைகளும் செப்டெம்பரில் நடைபெறும் சர்வதேசப் புத்தகக் கண்காட்சியும் சென்று பார்க்கத்தக்கவை. வெளிநாட்டிலிருந்து தபாலில் அழைப்பித்தால் நூலின் விலையைவிட அனுப்பும் செலவு கூடிவிடலாம் என்பதால், விடுமுறைக்கு வரும் உறவினரின் பயணப் பொதியில் ஓரிரு நூல்களுக்கு இடம் கேட்பதே சிக்கனமானது.

சேர்த்தவற்றைக் காப்பதற்கு நம் காலநிலை துணை செய்வதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் ஏறிப் பூஞ்சணம் பிடிக்கும். கறையானோ எந்த மாதத்திலும் வரும். மர அலுமாரியைவிட இரும்பு அலுமாரி பாதுகாப்பானது. அதையும் சுவரோடு ஒட்டாமல், நிலத்திலிருந்து கல் வைத்து உயர்த்தி நிறுத்த வேண்டும். மழை விட்ட பின்னர் ஒவ்வொரு நூலையும் எடுத்து விரித்து நிழலில் காற்றாட வையுங்கள். வெயிலில் வைத்தால் தாள் மஞ்சளித்து நொறுங்கும். கிழிந்த பக்கத்துக்கு ஒட்டுநாடா போடவே கூடாது, அதன் பசை சில ஆண்டுகளில் தாளைப் பழுப்பாக்கிவிடும். மலர்களைப் பிணைத்திருக்கும் கம்பிகள் கடற்காற்றில் துருப்பிடித்து நடுப்பக்கத்தைத் தின்னும். துரு தென்பட்டதும் அவற்றை மெதுவாகக் கழற்றிவிட்டு வெள்ளைப் பருத்தி நூலால் கட்டுங்கள். பத்திரிகை நறுக்குகளை மலர்களுக்கு இடையே செருகி வைக்காமல் தனி உறையில் இடுங்கள். ஈழநாடு, உதயன் என்று எந்தப் பத்திரிகை, எந்தத் திகதி என்பதை வெட்டும்போதே குறிக்காத நறுக்கு பின்னர் ஆதாரமாக உதவாது.

ஒரு சீ.ஆர். கொப்பியில் ஒவ்வொரு நூலுக்கும் இலக்கம், தலைப்பு, ஆண்டு, யாரிடமிருந்து எப்போது கிடைத்தது என்பவற்றை எழுதி, அதே இலக்கத்தை நூலின் உட்பக்கத்தில் பென்சிலால் இடுங்கள். இரவல் கொடுப்பதற்கும் அதிலேயே ஒரு பக்கம் ஒதுக்கலாம். வேறு பிரதி இல்லை என்று நீங்கள் கருதும் மலரை மட்டும் எவருக்கும் இரவல் கொடுக்க வேண்டாம். வீட்டுக்கு வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அத்தகைய மலர்களை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவிலாவது ஸ்கான் செய்து இரண்டு இடங்களில் வையுங்கள். வெளியிட்ட கல்லூரியோ கழகமோ இசைந்தால், ஈழத்து வெளியீடுகளை 2005 முதல் எண்ணிம வடிவில் ஆவணப்படுத்திவரும் நூலகம் நிறுவனத்துக்கும் ஒரு பிரதியைக் கொடுக்கலாம். கொடுக்குமுன் அவர்களுடைய இணையத்தளத்தில் அந்த மலர் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால், அதில் விடுபட்ட பக்கம் எதுவும் உங்கள் பிரதியில் உள்ளதா என்று ஒப்பிட்டு அந்தப் பக்கத்தை மட்டும் அனுப்பினாலும் போதும்.