விரிதாளில் டாலர் குறியைக் கற்பிக்கும் முறை

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் விரிதாளில் (எக்செல் போன்றவற்றில்) தடுமாறும் இடம் டாலர் குறி. விளக்கத்தோடு ஆரம்பிக்காதீர்கள்; முதலில் பிழை வரட்டும்.

பி2 (B2) முதல் பி6 வரையுள்ள கட்டங்களில் ஐந்து பேரின் மொத்த மதிப்பெண், இ1-இல் (E1) அதிகபட்ச மதிப்பெண் 500. சி2-இல் =பி2/இ1*100 என்று அடித்தால், 425-க்கு 85 வரும். அதை சி6 வரை இழுத்தால் மற்ற நான்கிலும் வகுத்தல் பிழை. சி3-ஐ இருமுறை சொடுக்கி, இ1 என்பது இ2 ஆகிவிட்டதை அவர்களே கண்டுபிடிக்கட்டும். அந்தக் கட்டம் காலி, கணக்குக்குப் பூஜ்ஜியம். பிறகு சி2-இல் இ1-இன் மேல் கர்சரை வைத்து எஃப்4 அழுத்தினால் $இ$1 ஆகும்; இனி இழுத்தாலும் அது மாறாது. சில மடிக்கணினிகளில் எஃப்என் விசையும் சேர வேண்டும். திருத்தியபின் மறுபடி இழுக்கச் சொல்லுங்கள், மறந்துவிடுவார்கள்.

இ2-இல் வேறு எண் இருந்தால் சி3-இல் பிழையே காட்டாது. தப்பான விடை சத்தமில்லாமல் வரும். அடுத்த பயிற்சியில் அங்கே 400 போட்டு வையுங்கள்.