கண்குழியில் புழுக்கட்டி: ஆபரேஷனுக்கு முன்னால் நடக்கும் தவறுகள்

ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'கண்குழியில் ஒட்டுண்ணி நீர்க்கட்டி' என்று பார்த்ததும் எல்லாரும் கேட்பது, ஆபரேஷன் எப்போது என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, எந்தப் புழு, கண்ணில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது. அதைப் பொறுத்துச் சிகிச்சையே தலைகீழாக மாறிவிடும்.

இந்தியாவில் அதிகம் பார்ப்பது பன்றி நாடாப்புழுவின் இளம்புழு. கண்ணை அசைக்கும் தசைக்குள் போய்க் கட்டியாக நின்றுவிடும். கண் சிவக்கும், வலிக்கும், ஒரு பொருள் இரண்டாகத் தெரியும். சாதாரண அழற்சி என்று நினைத்து ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் குறைந்த மாதிரி இருந்து, நிறுத்தியதும் திரும்ப வரும். அவசரப்பட்டு அறுத்தாலோ தசை காயப்பட்டு, இரட்டைப் பார்வை நிரந்தரமாகிவிடலாம். பெரும்பாலும் அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரையும் ஸ்டீராய்டும் சேர்த்துச் சில வாரம் கொடுத்தாலே கட்டி சுருங்கிவிடும். "நாங்கள் சைவம், எங்களுக்கு எப்படி?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று: சரியாக வேகாத பன்றிக்கறியால் வருவது குடலில் வளரும் புழு. கட்டி வருவதோ, அந்தப் புழு உள்ளவரின் மலத்தில் வெளியேறும் முட்டை தண்ணீர் வழியாகவோ கழுவாத காய்கறி வழியாகவோ வயிற்றுக்குள் போவதால்.

பூச்சி மாத்திரைதானே என்று மெடிக்கலில் நீங்களாகவே அல்பெண்டசோல் வாங்கிப் போடாதீர்கள், தயவுசெய்து. மூளையிலும் கட்டிகள் இருந்தால், புழு சாகும்போது சுற்றிலும் வீங்கி வலிப்பு வரலாம். அதனால் முதலில் மூளையை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். புழு கண்விழிக்கு உள்ளேயே இருந்தால் மாத்திரையால் அது செத்து, அந்த அழற்சியிலேயே பார்வை போய்விடும் ஆபத்து உண்டு. அங்கே ஆபரேஷன்தான் முதல் வழி.

நாய் நாடாப்புழுவின் கட்டி வேறு ரகம். ஆடு மேய்க்கும் ஊர்களில், நாய் மலத்தில் உள்ள முட்டையால் பரவுவது. பெரும்பாலும் ஈரலிலும் நுரையீரலிலும் வரும். கண்குழியில் வருவது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. வலியில்லாமல் ஒரு கண் மட்டும் மெல்லப் பிதுங்கும். வலிதான் இல்லையே என்று மாதக்கணக்கில் காத்திருந்தால், பார்வை நரம்பு நசுங்கிப் பார்வை போன பிறகுதான் டாக்டரிடம் போவோம். ரத்தப் பரிசோதனையில் 'இல்லை' என்று வந்தாலும் நிம்மதியாகிவிடக் கூடாது, கண்குழிக் கட்டிகளில் அது அடிக்கடி ஏமாற்றும்.

இந்தக் கட்டிக்கு ஆபரேஷன்தான் முக்கிய சிகிச்சை. என்ன கட்டி என்று தெரியாமல் ஊசி குத்திச் சோதிப்பது பெரிய தவறு. உள்ளிருக்கும் நீர் கசிந்தால் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரலாம், சிதறிய புழுத்துகள்கள் புதுக் கட்டிகளாக முளைக்கலாம். முடிந்தவரை உடையாமல் முழுதாக எடுப்பார்கள். முடியாதபோது கட்டுப்பாட்டோடு நீரை உறிஞ்சிவிட்டு, செறிவான உப்புநீரால் கழுவி உறையை உருவி எடுப்பார்கள். கட்டி போன பிறகும் அல்பெண்டசோல் தொடர வேண்டியிருக்கும். ஈரலையும் நுரையீரலையும் ஸ்கேன் செய்யாமல் விட்டால், கண்ணை மட்டும் சரிசெய்துவிட்டு மற்ற கட்டிகளோடு வீட்டுக்குப் போவோம்.