நீக்ரோ லீகில் ஆடிய பெண்களைத் தேடுவது எப்படி

அமெரிக்காவில் கறுப்பினத்தவர் தனியாக ஆடிய பேஸ்பால் லீக்குகள்தான் நீக்ரோ லீக். அதில் ஆடிய டோனி ஸ்டோன் என்ற பெண்ணின் பெயரைக் கேள்விப்பட்டதும், அந்நாட்டின் முதன்மை பேஸ்பால் அமைப்பான மேஜர் லீகின் புள்ளிவிவரப் பட்டியலில்தான் முதலில் தேடினேன். கிடைக்கவில்லை. இவர் ஆடவே இல்லையோ என்று ஒரு நாள் முழுக்கக் குழம்பினேன். நீங்கள் அங்கே தொடங்காதீர்கள். நீக்ரோ லீக்குகளையும் மேஜர் லீகாக ஏற்பதாக மேஜர் லீக் நிர்வாகம் 2020 டிசம்பரில் அறிவித்தபோது, 1920 முதல் 1948 வரைக்கும்தான் கணக்கில் எடுத்தார்கள். ஸ்டோனும், பந்து வீசும் பிட்சரான மேமி ஜான்சனும் இண்டியானாபோலிஸ் கிளவுன்ஸ் அணிக்கு வந்தது 1953இல். கானி மார்கன் வந்தது 1954இல். 1947இல் கறுப்பினத்தவரான ஜாக்கி ராபின்சன் மேஜர் லீக் அணியான டாட்ஜர்ஸுக்கு ஆடத் தொடங்கிய பிறகு, நல்ல ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக நீக்ரோ லீகை விட்டு வெளியேறிக்கொண்டிருந்த காலம் அது. பட்டியலில் பெயர் இல்லாததை வைத்து இவர்களுடைய ஆட்டத்தை எடைபோட்டுவிடக் கூடாது. எனக்கு இன்னும் ஆறாத விஷயம் அது.

சரி, எங்கே தேடுவது? கறுப்பினத்தவர் நடத்திய பத்திரிகைகளில்: சிகாகோ டிஃபெண்டர், பிட்ஸ்பர்க் கூரியர், பால்டிமோர் ஆஃப்ரோ-அமெரிக்கன். பெரிய நூலகங்கள் வழியாகப் பழைய இதழ்களைக் கணினியிலேயே படிக்கலாம். டிஃபெண்டரும் கூரியரும் அப்போது வாரப் பத்திரிகைகள். அதனால் இதழில் உள்ள தேதியை ஆட்டம் நடந்த தேதி என்று எழுதிவிடாதீர்கள். கிளவுன்ஸ் பஸ்ஸில் ஊர் ஊராகப் போய் ஆடிய அணி. எந்த ஊரில் ஆடினார்கள் என்று வாரப் பத்திரிகையில் பிடித்துக்கொண்டு, அப்புறம் அந்த ஊர் தினசரியின் மறுநாள் இதழைத் திறந்து பாருங்கள்.

பத்திரிகையில் வரும் ஆட்டக் கணக்கு அட்டவணையான பாக்ஸ் ஸ்கோரில் குடும்பப் பெயர் மட்டுமே இருக்கும். ‘ஜான்சன்’ என்று கண்டதும் துள்ளாதீர்கள். பந்து வீசியவரா என்று பாருங்கள். 1954 கிளவுன்ஸ் ஆட்டத்தில் இரண்டாவது பேஸில் ஒரு பெண் நின்றதாகப் படித்தால் அது பெரும்பாலும் மார்கன்தான். அதே இடத்தில் ஆடிய ஸ்டோன் அந்த வருடம் கான்சாஸ் சிட்டி மோனார்க்ஸில் இருந்தார். ஸ்டோனை மார்சீனியா என்ற இயற்பெயரிலும், அல்பெர்கா என்ற கணவர் வீட்டுப் பெயரிலும் தேட வேண்டும். ஜான்சனுக்கு ‘பீனட்’ என்ற செல்லப்பெயர்.

விளம்பரத்துக்காகச் சொன்னதைத் தனியாகப் பிரித்து வையுங்கள். டிக்கெட் விற்பதற்காக அணி நிர்வாகம் பலதையும் ஊதிப் பெரிதாக்கியது. 1921இல் பிறந்த ஸ்டோனுக்குப் பத்து வயது குறைத்துச் சொன்னார்கள். சம்பளம் வருடத்துக்கு 12,000 டாலர் என்று செய்தி வந்தது. கைக்கு வந்ததோ மாதம் சில நூறு டாலர்தான். ஜான்சன் 33 ஆட்டங்களில் வென்று 8 ஆட்டங்களில் தோற்றார் என்று எங்கும் எழுதுகிறார்கள். அதை எடுத்தாளும்போது யார் சொன்ன கணக்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஆனால் பாக்ஸ் ஸ்கோர் சொல்லாததும் உண்டு. வெள்ளையர் பெண்கள் லீகின் தேர்வுக்காக ஜான்சன் வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியாவுக்குப் போனார். நிறத்தைப் பார்த்தே திருப்பி அனுப்பினார்கள். ஒரு பந்து வீசக்கூட விடவில்லை. இதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2017இல் காலமாகும்வரை அவர் பேசிக்கொண்டுதான் இருந்தார். அந்தப் பேட்டிகளை முழுதாகக் கேளுங்கள். கேட்கும்போது அவர் சொல்லும் ஊர்ப் பெயர்களைக் குறித்து வையுங்கள். அடுத்து எந்த ஊர் தினசரியைத் திறப்பது என்பது அதிலிருந்துதான் தெரியும்.